கை நிற்காத கைப்பிடி

ஒலக்கூர் சாலையில் இருக்கும் வேங்கடேசனின் கல்யாண மண்டபத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறியவர்கள் மாடிக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, காலனியில் அம்சவள்ளியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். முதல் நாள், ஆனி மாத முகூர்த்தத்தில், பதினாறு பேர். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கைப்பிடியைச் செய்தவள் அம்சவள்ளிதான். திண்டிவனத்து மரப்பட்டறையில் பத்தொன்பது வருடமாக வளைவு வேலையெல்லாம் அவள் பொறுப்பு. அட்டையில் வளைவை வரைந்து, தேக்கைத் துண்டு துண்டாக அறுத்து ஒட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அதன்மேல் ஓடவிடுவாள். கை ஓரிடத்தில் தயங்கினாலும் மறுபடி அரம். மண்டபத்துப் படி இரண்டு தரம் திரும்பி ஏறுவது, அதனால் நாற்பத்தோரு நாள் பிடித்தது. வைகாசியில் முடிந்தபோது கீழிருந்து மேல்வரை கை எங்கும் நிற்கவில்லை. வேங்கடேசனே தடவிப் பார்த்து, "வெண்ண மாதிரி கீதும்மா" என்றார்.

அடுத்த மாதம், மகள் மலர்விழியின் கல்யாணத்துக்குத் தேதி கேட்டு அவள் அதே மண்டபத்துக்குப் போனாள். தான் தேய்த்த வளைவைப் பிடித்துக்கொண்டு மகள் படியேற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வேங்கடேசன் டைரியைத் திறந்தார், மாப்பிள்ளை வீடு எந்தத் தெரு என்று கேட்டார், காலனி என்றதும் மூடிவிட்டார்.

"ஆவணி முழுக்க ஃபுல்லும்மா."

பக்கம் வெள்ளையாகக் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள். செய்து தர அவள் கை வேண்டும், ஏறிப்போக அவள் மகள் கூடாது. என்ன ஜென்மங்களோ! வயிறு எரிய வெளியே வந்தவள், கைப்பிடியை ஒருமுறை தடவி, "நிக்காத, போய்க்கினே இரு" என்று சொன்னதாக வாட்ச்மேன் சீனுவாசன் இன்றும் சொல்கிறார்.

அது அப்படியே கேட்டது. காணையிலிருந்து வந்த சம்பந்தி, அனந்தபுரத்து மாமா, சமையல்காரர் என்று ஆள் பாகுபாடு பார்க்கவில்லை. அறுக்கப் போன ரம்பத்துக்குப் பல் போயிற்று. விழுப்புரத்து இன்ஜினியர் பிடித்துப் பார்த்தார். அவருடைய பைக்கை வேறொருவர் காலனிக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. "தொடாதீர்கள்" என்று பலகை மாட்டியும் பயனில்லை. அந்த வழவழப்பைக் கண்டதும் கை தானாகப் போனது.

ஆடியில் வேங்கடேசன் அம்சவள்ளியின் வீட்டுக்கே வந்தார்.

"கடைசிப் படியாண்ட அரத்த வெச்சு சின்னதா ஒரு மேடு பண்ணிடும்மா. கை நின்னுடும். ஆவணில நீ கேட்ட தேதியே தர்றேன்."

அம்சவள்ளி கேட்டது கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அதற்குக் கேட்கிற விலை!

"அன்னிக்கு ஃபுல்லுன்னீங்க, இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சு தேதி? நான் பண்ண வேலைய நானே பாழாக்கினாதான் எம் பொண்ணு படியேறலாமா? எழுந்து போங்க!"

உள்ளேயிருந்து வந்த மலர்விழி, "இங்கியே பந்தல் போட்டுக்கலாம்மா" என்றாள்.

மண்டபத்தில் வேங்கடேசனின் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்த அதே ஆவணி முகூர்த்தத்தையே அம்சவள்ளி குறித்தாள். அன்று காலை மாடிக்குச் சாப்பிட ஏறிய வேங்கடேசனின் சொந்தக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் காலனிப் பந்தலில் வந்து நின்றார்கள். பசித்தவர்கள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். வீம்பு பிடித்தவர்கள் வெயிலில் நடந்தார்கள்.

மற்ற நாளெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறுகிற வேங்கடேசன், தாலி கட்டுகிற நேரமாயிற்று என்று மாடியிலிருந்த மச்சானைக் கூப்பிட ஓடிய அவசரத்தில் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். அவர் வந்து நின்றபோது இங்கே கெட்டிமேளம் கொட்டியது. யாரோ அவர் கையில் அட்சதையைத் திணித்தார்கள். தன் மகன் தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை. மலர்விழிக்குக் கட்டியதைப் பார்த்தார், அட்சதையும் போட்டார்.

"நான் எப்பிடிப் போறது?" என்று கேட்டார்.

"எல்லாரும் நடந்துதான் போறாங்க" என்றாள் அம்சவள்ளி. அவள் கோபம் அன்றும் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை. இப்போதெல்லாம் முகூர்த்த நாளில் ஷேர் ஆட்டோக்காரர்கள் எட்டு மணிக்கே அவள் வாசலில் வந்து வரிசை கட்டுகிறார்கள்.