பல்லக்காவின் இரண்டு மனசு

பல்லக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பல் செட்டு செய்யும் பட்டறையில் பதினேழு வருடம் வேலை பார்த்ததில் தெருவுக்கே அவள் பல்லக்கா ஆகிவிட்டாள். அவள் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். "பல்லக்கா வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்று ஜனங்கள் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பதை அவரே எத்தனையோ வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அவருக்கு அதில் வருத்தமில்லை. தண்ணீர் மீட்டரை வைத்து ஒருவருக்கும் செல்லப் பெயர் அமையாது என்பார்.

பட்டறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயைக் களிபோன்ற பசையில் பதித்து அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். அச்சின்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். சரி என்று திரும்பி வந்தால் மெழுகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறப் பிளாஸ்டிக் வார்த்துக் கொடுப்பார்கள். பல் நடுகிற வேலை பல்லக்காவுடையது. அத்தனை பேருக்குப் பல் வைத்தவள், ஒரு வாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை மாவில் பதிந்த ஈறும், கூடவே வரும் துண்டுச் சீட்டும்தான். "ஆண், ஐம்பத்தாறு, லேசான மஞ்சள்." மனிதர்கள் அவளுக்கு அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பட்டறைக்கு நிறைய வேலை அனுப்புகிற டாக்டரம்மா ஒருவர் முதலாளியைப் போனில் கூப்பிட்டார். பேருந்து நிலையத்து அறிவிப்பாளர் ஒருவருக்கு மேல்வரிசைப் பல் இரண்டு தடவை செய்தும் சரிவரவில்லை. மூன்றாவது தடவையாக மெழுகில் நட்டு அனுப்பியதும் அப்படியே. வாயில் போட்டுப் பேசினால் விசில் அடிக்கிறது. பல் வைத்த நாளிலிருந்து மனிதர் மைக் பக்கம் போகாமல் விடுப்பில் இருக்கிறார். பல் நட்ட ஆளையே ஒருமுறை அனுப்ப முடியுமா என்று டாக்டரம்மா கேட்டார். முதலாளிதான் பல்லக்காவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பி வைத்தார். பிறகு பல நாள் அவள் இதை நினைத்துப் பார்த்தாள். அனுப்பி வைத்தவரே அவர்தான்.

கிளினிக்கில் அறிவிப்பாளர் நாற்காலியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் மைக்கில் சொல்வதைச் சொல்லும்படி பல்லக்கா கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி, "அடுத்த பேருந்து சரியாக ஏழு மணிக்கு" என்று ஆரம்பித்தார். 'சரியாக' என்ற இடத்தில் குக்கர் மாதிரி ஒரு விசில் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பல்லக்கா அவர் வாயையே பார்த்தாள். 'ச' வரும்போது நாக்கு நுனி எங்கே போகிறது, கீழுதடு எப்படி உள்ளே மடங்குகிறது என்று பார்த்தாள். பிளாஸ்டர் அச்சில் நாக்கு ஏது, உதடு ஏது? முன்பற்களுக்குப் பின்னால் நாக்குக்கு வேண்டியதைவிட அதிகமாக இடம் விட்டிருந்தாள். அங்கே மெழுகு சேர்த்தாள், பேசச் சொன்னாள், சுரண்டினாள், மறுபடி பேசச் சொன்னாள். இரண்டு மணி நேரம் போனது. நாலு மணி சுமாருக்கு அந்த மனிதர் வாயிலிருந்து 'சரியாக' சரியாகவே வந்தது. அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு குரலை உயர்த்தி, அன்று சாயங்காலம் புறப்படுகிற அத்தனை பேருந்துகளையும் நடைமேடை எண்ணோடு அறிவித்துத் தீர்த்தார். வெளியே காத்திருந்த பெரியவர் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

கையைக் கழுவும்போது டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நீங்க ஏன் இன்னும் இன்னொருத்தர்கிட்ட வேலை பாக்குறீங்க? தனியா ஆரம்பிங்க. என் வேலை மொத்தத்தையும் உங்களுக்கே தர்றேன்."

அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது குழப்பம்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றார். உலகத்திலேயே உருப்படாத பதில் அதுதான் என்று பல்லக்காவுக்குத் தோன்றியது. வேண்டாம் என்றால் சண்டை போடலாம், வேண்டும் என்றால் தைரியம் வரும். 'உன் இஷ்டம்' என்றால் என்ன செய்வது? அவளுக்கு இஷ்டம் எது என்று தெரிந்தால் இவரிடம் ஏன் கேட்கப் போகிறாள்?

தம்பியிடம் சொன்னாள். அவன் செல்போன் விற்கிறவன். எதையும் விற்றுவிடலாம் என்று நம்புகிறவன். மறுநாளே கடைக்கு நாலு பெயர் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். பதினேழு வருஷம் அடுத்தவனுக்கு மாடாக உழைத்தது போதும் என்றான். பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. மாடாக உழைத்ததாக யார் சொன்னது? முதலாளி ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, பிரசவத்தின்போது நாலு மாதம் இடத்தைக் காலியாகவே வைத்துக் காத்திருந்தவர், உடம்பு சரியில்லை என்றால் அக்கறையாக விசாரிக்கிறவர் என்று அரை மணி நேரம் வேலையின் பெருமையைப் பாடினாள். தம்பி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு யாராவது போவார்களா, இந்த வயதில் இது என்ன ஆசை என்றாள். உடனே பல்லக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்கென்ன வயதாகிவிட்டது, தன் கைத்திறமையை நம்பித்தானே டாக்டரம்மா கேட்கிறார் என்று சொந்தத் தொழிலுக்காக வரிந்துகட்டிப் பேசினாள். நாத்தனார் போனபிறகுதான் உறைத்தது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப் பக்கம் போய் நின்றுகொள்கிறாள். தன்னோடு தானே தனியாக இருக்கும்போது மட்டும் நிற்க ஒரு பக்கமும் இல்லை.

குழப்பத்துக்கு நடுவில் ஒரு உறுத்தலும் இருந்தது. டாக்டரம்மா முதலாளியின் வாடிக்கையாளர். அவரைக் கூட்டிக்கொண்டு போவது, விருந்துக்குப் போன வீட்டில் வெள்ளித் தம்ளரை மடியில் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி அல்லவா? அந்த உறுத்தல் தாங்காமல் புதன்கிழமை அவளே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டுவார், திட்டினால் முடிவெடுக்கச் சுலபமாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம்.

அவர் திட்டவில்லை. மேஜைமேல் கிடந்த அச்சு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், வாரத்தில் இரண்டு நாள் அவளே கிளினிக்குகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பல் நடட்டும், இதை எப்போதோ செய்திருக்க வேண்டும், தனக்குத்தான் தோன்றவில்லை என்றார். நன்றாக யோசித்துச் சொல்லும்படி சொன்னார்.

பல்லக்காவின் குழப்பம் இரட்டிப்பானது. அவள் ஆசைப்பட்டது பல் வைக்கிற வாயையும் முகத்தையும் நேரில் பார்க்கத்தானே? அதுதான் இங்கேயே கிடைக்கிறதே. பிறகு எதற்குத் தனிக்கடை? ஆனால் கிடைத்துவிட்டது என்று ஆனதும் மனசு ஏன் ஆறவில்லை?

வெள்ளிக்கிழமை ஒரு அறையைப் பார்க்கப் போனாள். தம்பி விடாப்பிடியாகத் தேடிப் பிடித்திருந்தான். முன்பு நகலெடுக்கும் கடை இருந்த இடம். தரையில் மிஷின் நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. மூலையில் தண்ணீர்க் குழாய். கிழக்கே பெரிய ஜன்னல். பல்லின் நிறம் பார்க்க அந்த வெளிச்சம் போதும். இங்கே மாவு கலக்கலாம், அங்கே பாலிஷ் மோட்டார், ஜன்னலுக்குக் கீழே பல் நடும் மேஜை என்று நின்ற இடத்திலேயே அறையை நிரப்பிவிட்டாள். நிரப்பி முடித்ததும் சுற்றிலும் பார்த்தாள். அந்த அறையில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள்கூட இல்லை. பட்டறையில் பக்கத்து மேஜைக்காரி நாளெல்லாம் மருமகளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். அது இல்லாமல் கை ஓடுமா?

ஓடாது என்று வீடு வரும் வழியில் முடிவு செய்தாள். இருந்துவிடலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த முடிவு மாறவில்லை. நிம்மதியாகத் துணிகூடத் துவைத்தாள்.

திங்கட்கிழமை காலை முதலாளி அறைக்குப் போனாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தைகள் தயாராக இருந்தன. நீங்கள் சொன்னபடியே செய்கிறேன், இங்கேயே இருக்கிறேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"நான் போறேன் சார்" என்றாள் பல்லக்கா.

யார் சொன்னது என்று அவளே ஒரு கணம் திகைத்தாள். மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அவரும் அவசரப்படாமல் காத்திருந்தார். தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து, நின்று, மறுபடி பின்னால் வந்தது. அவள் மாற்றிச் சொல்லவில்லை.

"டாக்டரம்மாவையும் கூட்டிட்டுப் போறியாம்மா?"

"தெரியல சார்."

"அவங்க எனக்குச் சொந்தம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா எனக்கு வலிக்கலன்னும் சொல்லமாட்டேன்."

ஒரு மாதம் இருந்து, பக்கத்து மேஜைக்காரிக்கு முன்பல் நடும் நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கணவர், என்ன நினைத்து அப்படிச் சொன்னாள் என்று கேட்டார்.

"எனக்கே தெரியலங்க. இருக்கேன்னு சொல்லத்தான் போனேன்."

அவர் மீட்டர் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "நான் உன் இஷ்டம்னு சொன்னது பெருந்தன்மையில இல்ல. நாளைக்கு ஏதாவது ஆனா என் தலையில விழக்கூடாதுன்னுதான்" என்றார். பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரமாக அந்த வீட்டில் யாரோ பேசிய முதல் தெளிவான பேச்சு அது.

மாதம் முடிந்தது. நகலெடுக்கும் கடை பல் பட்டறை ஆனது. டாக்டரம்மாவிடம் அவள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். மொத்த வேலையும் வேண்டாம், வாயைப் பார்த்துச் செய்யவேண்டிய கஷ்டமான செட்டுகளை மட்டும் தனக்கு அனுப்பட்டும், மற்றதெல்லாம் பழைய இடத்துக்கே போகட்டும் என்றாள். பிழைக்கத் தெரியாதவள் என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொன்னது தப்பென்றும் அவளால் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் மூன்று வேலை வந்தது. மதியத்துக்குள் மூன்றுக்கும் அச்சு எடுத்து, மெழுகு வைத்து, ஒரு வரிசைப் பல்லும் நட்டுவிட்டாள். பிறகு, வாயில் போட்டுப் பார்க்க டாக்டரம்மா கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருப்பது வேலையா இல்லையா என்று புரியவில்லை. எழுந்து ஜன்னலைத் துடைத்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கியபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் கைக்குட்டைக்குள் உடைந்த பல் செட்டு. அவளுடைய மாமனாருடையது. அவரையே அழைத்து வர வேண்டுமென்றால் நாளைக்கு வேலை முடிந்து தான் திரும்பியபிறகுதான் முடியும் என்றாள்.

"நீங்க எத்தனை மணிக்குக் கடை மூடுவீங்க?"

பல்லக்கா சுவரைப் பார்த்தாள். கடிகாரம் இன்னும் மாட்டவில்லை. அந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

"நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றாள்.