இரண்டு விரல் வளர்த்தி

கோசலாவின் காலை அளக்கப் பாக்கியரத்தினம் இரண்டு ஈர்க்கு முறித்தாள். முதலாவது குதிக்காலில் தொடங்கிப் பெருவிரல் நுனியில் சரியாக முடிந்தது. மற்றதை இரண்டு விரல் கூட விட்டு முறித்தாள். முதலாவதை அடுப்புக்குள் போட்டுவிட்டு, நீளமானதைக் கைப்பைக்குள் வைத்தாள்.

பார்ப்பவர் ஆரும் இதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்கமாட்டார்கள். வீட்டுக்கும் கடைக்கும் இடையில் இரண்டு சோதனைச் சாவடி. வெயிலில் வரிசையில் நிற்கப் பிள்ளைகளால் முடியாது. ஆகவே திருகோணமலையில் சப்பாத்துக் கடைக்குப் பிள்ளை போகாது, ஈர்க்குத்தான் போகும். இரண்டு விரல் வளர்த்தி விடுவதும் ஊர் வழக்கம். வாங்கிய சப்பாத்து ஆறு மாதத்தில் சிறுத்துப்போனால் எந்தத் தாய்க்குத்தான் மனம் பொறுக்கும்? முன்பக்கம் பஞ்சடைத்துப் போட்டுவிடுவார்கள், கால் மெல்ல மெல்ல வளர்ந்து பஞ்சை வெளியே தள்ளும்.

ஆனால் இந்தச் சப்பாத்து பள்ளிக்கூடம் போக அல்ல, கப்பல் ஏற.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை. போகிறவர்கள் அனுமதி எடுத்து, முறை வரும்வரை காத்திருந்து, துறைமுகத்தில் கப்பல் ஏறவேண்டும். பாக்கியரத்தினத்தின் தங்கை புஸ்பராணி இரண்டு வருசத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கென்று தமக்கை வீட்டுக்கு வந்தவள். கையில் இரண்டு வயதுக் கோசலா. சயந்தன் பிறந்து இருபத்தேழாம் நாள் காய்ச்சலில் புஸ்பராணி போய்விட்டாள். அதற்குள் பாதையும் பூட்டியாயிற்று. தகப்பன் ஆனந்தராசா அங்கே, பிள்ளைகள் இங்கே. இடம்பெயர்ந்து அலைந்து, ஒருவழியாகத் தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவன் எழுதினான்: ‘அக்கா, என்ட பிள்ளைகளை அனுப்பிவிடுங்கோ. மகன்ட முகத்தை நான் இன்னும் காணேல்ல.’

பாக்கியரத்தினத்துக்கு முப்பத்தொன்பது வயது. கலியாணம் முடிக்கவில்லை. வீட்டில் தையல் மெசினை வைத்துப் பள்ளிக்கூட உடுப்புத் தைத்துப் பிழைக்கிறவள். கோசலா அவளைப் பெரியம்மா என்பாள். சயந்தனுக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது, அம்மா என்றுதான் கூப்பிடுவான். பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்தது. அவளுடைய மனு இரண்டு தரம் திரும்பி வந்தது. ஊருக்குத் திரும்பிப் போகிற கனகம்மா என்ற மனுசிதான் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டாள்.

“சின்னவனை நான் சீலைத்துண்டால கட்டித் தூக்குவன். பெட்டை தானாத்தான் ஏறவேணும் பிள்ளை,” என்று கனகம்மா முதலே சொல்லிவிட்டாள். “அது ஏணியெண்டால் ஏணி, நட்டுக்குத்தா நிக்கும். வெயிலில இரும்பு தோசைக்கல்லு மாதிரி, வெறுங்காலோட ஏலாது. செருப்பெண்டால் கழண்டு கடலுக்க போயிடும். நல்ல சப்பாத்தா ஒண்டு வாங்கிப் போடு. எனக்கு ரெண்டு கைதான், நாலில்லை.”

ஸெய்னுதீனின் சப்பாத்துக் கடை சந்தைக்குப் பின்னால். கிண்ணியாக்காரர். பின்னேரம் பாதை என்கிற மிதவையில் துறை தாண்டி வீட்டுக்குப் போகவேண்டும் என்பதால் மூன்று மணிக்கே கதவைச் சாத்திவிடுவார். கப்பல் ஏறப்போகும் பிள்ளைக்கு என்று அவள் சொல்ல, ஈர்க்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“எத்தின வயசு?”

“நாலு.”

“நாலு வயசுக்கு இந்தக் காலா? வாத்துக்குஞ்சோ?” என்று சிரித்தார். “தங்கச்சி, இது காலளவா, இல்ல வளர்த்தியும் சேத்தா?”

“காலளவுதான் நானா,” என்றாள், அண்ணன் முறை வைத்து.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஸ்கூலுக்கெண்டா நானே ரெண்டு விரல் விட்டுத் தருவன். கப்பல் ஏறுற புள்ளைக்கு ஒரு நெல்லுக்கூட விடமாட்டன். குதி தூக்கினா புள்ள விழும்.”

“அளந்துதான் கொண்டுவந்தனான்.”

அவர் நீலக் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடியை எடுத்து, உள்ளே ஈர்க்கை விட்டுப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு நடந்தாள். தான் என்ன செய்கிறாள் என்று தனக்கே முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை அவள். பிள்ளை ஏற மாட்டாமல் நின்றால் கப்பல்காரர் திருப்பிவிடுவார்கள், கனகம்மா இரண்டு பேரையும் இறக்கிவிடுவாள், அனுமதி முடிந்துபோகும், பிறகு பார்க்கலாம். அவ்வளவுதான் அவளுடைய நினைப்பு. பிள்ளை பயந்து நிற்கும் என்று நினைத்தாளே தவிர, விழும் என்று நினைக்கவில்லை.

கப்பல் நாளன்று பஞ்சடைத்துச் சப்பாத்தைப் போட்டுவிட்டாள். கோசலாவுக்குப் பிடிபடாத சந்தோசம். தடக்குப் புடக்கென்று வீடு முழுக்க நடந்தாள்.

“பெரியம்மா, என்ட கால் பெரிசாயிட்டுது!”

சின்னப் பிள்ளைகள் என்றபடியால் இறங்குதுறைக் கயிறு வரை பாக்கியரத்தினத்தை விட்டார்கள். அங்கிருந்து ஏணி நன்றாகத் தெரியும். ஆனால் அவள் எண்ணியபடி ஒன்றும் நடக்கவில்லை. கோசலாதான் முன்னுக்கு ஏறுவாள் என்று அவள் இருந்தாள். வரிசை தள்ளிய தள்ளில் கனகம்மா சயந்தனை மார்போடு கட்டிக்கொண்டு முதலில் ஏறிவிட்டாள். அவன் அம்மா, அம்மா என்று கத்திய சத்தம் மேலே மேலே போனது. பின்னால் கோசலா. ஒரு படி, இரண்டு படி. நாலாம் படியில் குதிக்கால் சப்பாத்தை விட்டு வெளியே வந்தது. சப்பாத்து படியிலேயே நின்றது, கால் மட்டும் மேலே போனது. பிள்ளை முகம் குப்புற இரும்பில் அடிபட்டாள்.

கீழே நின்ற கடற்படைக்காரன் எட்டிப் பிடித்திருக்காவிட்டால் பிள்ளை தண்ணீருக்குள் போயிருக்கும். கீழ்ச்சொண்டு வெடித்து வாயிலிருந்து இரத்தம் சட்டையெல்லாம் ஓடியது. அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கயிற்றுக்கு மேலால் நீட்டினான்.

“பபா ஏலாது. மருந்து போடு. அடுத்த கப்பல்,” என்றான் சிங்களம் கலந்த தமிழில்.

“தம்பி, மற்றப் பிள்ளை! மேல நிக்கிற பிள்ளையை இறக்குங்கோ!”

“ஏறினது இறங்க ஏலாது அம்மா.”

மேலே தட்டில் கனகம்மாவின் தலை தெரிந்தது. “எடியே, என்னடி செய்யிறது? பெடியனைத் தகப்பனிட்டக் குடுக்கிறன், நீ பெட்டையை மற்றக் கப்பலில அனுப்படி!” அவளுடைய தோளில் ஒரு சின்னக் கை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பின்னால் வந்த சனம் அவளை உள்ளே தள்ளிவிட்டது.

ஆசுப்பத்திரியில் சொண்டுக்கு இரண்டு தையல் போட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது பாக்கியரத்தினத்தின் ஒரு கையில் பிள்ளை இருந்தது, மற்றக் கை சும்மா இருந்தது. இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவள் இரண்டு பேரையும் இரண்டு கரையாகப் பிரித்துவிட்டு வந்திருந்தாள்.

அனுமதிக் கடதாசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் பேசாமல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தாலே போதும், கோசலா அவளோடு. ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். விழுந்த பிள்ளை, தையல் போட்ட பிள்ளை, எப்படி அனுப்புவது? அயல் சனமும் அதைத்தான் சொன்னது. “பெட்டையாவது உன்னோட இருக்கட்டும்.” பாக்கியரத்தினம் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்பது அவளுக்கு இதமாகவும் இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம். சோற்றுக்கு முன்னால் இருந்த கோசலா வாயைத் திறக்கவில்லை. தையல் நோகிறதாக்கும் என்று பாக்கியரத்தினம் பருப்பை நன்றாக மசித்துக் குழைத்து நீட்டினாள். பிள்ளை தலையை ஆட்டியது.

“தம்பிக்கு வையுங்கோ.”

“தம்பி அப்பாவிட்டச் சாப்பிடுவான், ராசாத்தி.”

“நான் விழுந்தபடியாலயா தம்பியைக் கொண்டுபோனவை?”

பாக்கியரத்தினத்தின் கை நடுவில் நின்றது.

“நான் இனி விழமாட்டன் பெரியம்மா. கவனமா ஏறுவன். தம்பியைத் தரச் சொல்லுங்கோ.”

நாலு வயதுப் பிள்ளை நாலு நாளாக அந்தப் பழியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. பாக்கியரத்தினம் சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்தாள். ‘உன்னில பிழையில்லை’ என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியென்றால் ஆரில் பிழை என்று பிள்ளை கேட்குமே? கை கழுவிவிட்டுக் குடையை எடுத்தாள்.

இந்த முறை ஈர்க்கு முறிக்கவில்லை. பிள்ளையையே கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு சாவடியிலும் வெயிலில் நின்று ஸெய்னுதீனின் கடைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று.

அவர் முதலில் பிள்ளையின் சொண்டைப் பார்த்தார். பிறகு வாங்கில் இருத்திக் காலைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்தார். முகம் கறுத்துப்போயிற்று.

“யா அல்லாஹ். இந்தக் காலுக்கா நான் அந்தச் சப்பாத்தக் குடுத்தன்? பெட்டிய மாத்திக் கட்டிட்டனா? துறைமுகத்தில ஒரு புள்ள விழுந்ததெண்டு கேள்விப்பட்ட நேரத்தில இருந்து எனக்குச் சோறு இறங்கல்ல, தங்கச்சி. இருவத்தாறு வருசம் இந்த வேல. என்ட கையாலயா இது நடந்தது?”

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மனுசன் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். பாக்கியரத்தினம் பிள்ளையை வாசலில் நின்ற பூனையைப் பார்க்க அனுப்பினாள்.

“உங்கட பிழை இல்லை நானா. ஈர்க்கை நீட்டி முறிச்சது நான்.”

“வளர்த்திக்கா? நான் கேட்டனே. எல்லாத் தாய்மாரும் விடுற பிழதான், ஆனா நான் படிச்சுப் படிச்சுக் கேட்டனே.”

“வளர்த்திக்கு இல்லை.”

ஸெய்னுதீன் அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் பூனைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளையைப் பார்த்தார். எழும்பி உள்ளே போய்ச் சின்னப் பெட்டிகளாக நாலைந்து அள்ளிக்கொண்டு வந்தார்.

“வாம்மா, இங்க வந்து நில்லு. இருந்துகொண்டு போட்டுப் பாக்கக் கூடாது, நிண்டாத்தான் கால் தன்ட அளவச் சொல்லும்.”

ஒவ்வொன்றாகப் போட்டார். பெருவிரல் நுனி முன்பக்கத்தைத் தொடவேண்டும், ஆனால் மடங்கக்கூடாது. குதியில் அவருடைய சுண்டுவிரல் நுழையக்கூடாது. அடி மெல்லியதாக இருக்கவேண்டும், படி காலுக்குத் தெரிந்தால்தான் பிள்ளைக்குப் பயம் வராது. மூன்றாவது சோடி அவருக்குப் பிடித்தது. அதைக் கழற்றிச் சீமெந்துத் தரையில் அடியைப் பரபரவென்று தேய்த்தார்.

“புதுச் சப்பாத்து நானா!”

“புதுசுதான் வழுக்கும். பழசாக்கித் தாறன்.”

பிறகு மேல்தட்டுப் பெட்டிகளை எடுக்கிற மர ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். கோசலா அதைக் கண்டதும் பெரியம்மாவின் சீலைக்குள் புகுந்துகொண்டாள்.

“எனக்குத் தையல் போடுவினம்.”

“நான் பின்னால நிக்கிறன். விட்டால் என்னைக் கடி,” என்றாள் பாக்கியரத்தினம்.

“கடிக்கவோ?”

“ஓம், நல்லாக் கடி.”

முதல் நாள் இரண்டு படி. அவ்வளவுதான். அடுத்த நாளும் வந்தார்கள், அதற்கடுத்த நாளும். பெரியம்மாவின் கை பிள்ளையின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது, பிறகு ஒரு சாண் தள்ளி நின்றது, பிறகு கீழே தொங்கியது. கையை எடுக்கப் பழகினது பாக்கியரத்தினம்தான், பிள்ளைக்கு அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. நாலாம் நாள் கோசலா மேல் படியில் இருந்துகொண்டு கடைக்கு வந்தவர்களிடம் “மாமா, உங்களுக்கு எந்தப் பெட்டி வேணும்?” என்று கேட்டாள். சனம் சிரித்தது. பாக்கியரத்தினமும் சிரித்துக்கொண்டே ஏணியின் காலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அளவாத்தான் இருக்கு,” என்றாள் பாக்கியரத்தினம் கடைசி நாள், சப்பாத்தைத் தடவிக்கொண்டு. “நாலு மாசத்தில சின்னனாயிடும், என்ன நானா?”

“மூணு மாசம் காணும்.”

“பிறகு?”

“பிறகு அங்க வாங்குவாங்க.”

அங்கே. அவளுடைய கை அளக்காத ஒரு கால், அவள் பார்க்காத ஒரு கடை. பாக்கியரத்தினம் தலையாட்டினாள்.

பத்தாம் நாள் கப்பல் வந்தது. யாழ்ப்பாணம் திரும்பும் இராசையா என்ற தபால்காரரும் மனைவியும் பிள்ளையைக் கூட்டிப்போக இணங்கினார்கள். பாக்கியரத்தினம் கயிற்றடியில் குந்திச் சப்பாத்து லேசை இரட்டை முடிச்சாகப் போட்டாள். மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினாள்.

“இறுக்குதோ?”

“இல்லை.”

“குதி தூக்குதோ?”

“இல்லை பெரியம்மா. விடுங்கோ, ஆக்கள் போகினம்.”

அதே கடற்படைக்காரன்தான் கீழே நின்றான். கோசலா ஏணிக் கயிற்றைப் பிடித்தாள். ஒரு படி, இரண்டு, மூன்று. நாலாம் படியில் நின்றாள். நின்று திரும்பிப் பார்த்தாள். முகம் கோணியது, அழுகை வாய் வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் வரிசையும் நின்றது. ஒரே ஒரு தரம் பாக்கியரத்தினம் கையை நீட்டியிருந்தால் போதும், பிள்ளை இறங்கி ஓடி வந்திருக்கும். கடற்படைக்காரனும் அவளைத்தான் பார்த்தான்.

“என்னைப் பாக்காத!” என்று கத்தினாள் பாக்கியரத்தினம். இரண்டு வருசத்தில் பிள்ளையிடம் அந்தக் குரலில் அவள் கதைத்ததே இல்லை. “மேல பார்! தம்பி அங்கதான் இருக்கிறான். ஏறு!”

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். எதிரே சீனன்குடாப் பக்கத்து மலை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்வஸ் அடி இரும்பில் படுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். அந்தச் சனத்துக்குள் என்ன கேட்கும்?

கனநேரம் கழித்து உச்சியிலிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது.

“பெரியம்மா! வழுக்கேல்ல! ஒருக்காலும் வழுக்கேல்ல!”

பாக்கியரத்தினம் திரும்பினாள். தட்டின் கம்பிக்கு மேலாக இரண்டு கை தெரிந்தன. அவள் தன் கையைத் தூக்குவதற்குள் அந்தக் கைகள் இறங்கிவிட்டன. தபால்காரரின் மனைவியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தம்பி எங்கே, தம்பி எங்கே என்று கேட்டபடி பிள்ளை உள்ளே ஓடிவிட்டாள்.