ஜெயகரனின் மூச்சு ஷிப்ட்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிய ஆடி மாதத்தில் ஜெயகரன் சொந்தமாக மூச்சு விடுவதை நிறுத்தினார். சுரங்கத்தில் விழுங்கிய கல்தூசு நெஞ்சில் இறுகிவிட்டது. மகள் லவினா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். அவர் நெஞ்சு ஏறியது. விட்டாள், இறங்கியது. அவ்வளவுதான் வைத்தியம். லைன்காரர்கள் அன்றைக்கே ஷிப்ட் போட்டுக்கொண்டார்கள். சுரங்கத்துச் சட்டம்தான்: மாற்றாள் வந்து கையைப் பிடித்து, "வந்துட்டேன், விடு" என்று சொல்லாமல் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

பார்க்க வந்த டாக்டர், "எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்த கான்ஸ்பிரசியா பண்றீங்க?" என்று எரிந்து விழுந்தார். படித்த மனுஷர், கோபம் வராமல் என்ன செய்யும், பாவம். பக்கத்தில் நின்ற சர்ச்சுப் பங்குச் சாமியார் சிரித்துவிட்டார். "லத்தீன்ல அந்த வார்த்தைக்கு அதாங்க அர்த்தம். கான்னா கூட, ஸ்பிராரேன்னா மூச்சு விடறது. சேர்ந்து மூச்சு விடறதுக்கு வெச்ச பேரு, அப்புறந்தான் சதிக்குப் போய்ச் சேர்ந்துது."

லவினாவுக்கு வார்த்தையா பெரிசு? காலை ஷிப்டை முடித்துப் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். இன்னொரு நாள் லேட்டானால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அன்று பக்கத்து வீட்டு ராஜப்பாவின் இருமல் வாசலில் கேட்டதும், ஆள் வந்தாயிற்று என்று அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடினாள். ராஜப்பாவோ குழாயடிச் சண்டையில் நின்றுவிட்டார்.

ரயில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ராஜப்பா போன் பண்ணினார். "இன்னா பாப்பா இப்டி பண்ட்ட? கை மாத்தாம போய்ட்டியே! நா இழுத்தா அப்பாக்கு நெஞ்சு ஏறமாட்டேங்குது. நீதான் இன்னும் அவருக்கு மூச்சு வுட்டுக்கினு கீற. நிறுத்திடாதம்மா!"

இரண்டு பேர் மூச்சை ஒருத்தி எத்தனை தூரம் இழுப்பாள்? பங்காருப்பேட்டையில் லவினாவுக்குக் கண் இருட்டியது. "எங்கப்பா செத்துடுவாரு" என்று அழுதாள். எதிர்சீட்டு ஷில்பா, தினமும் ஜன்னலுக்காக அவளோடு மல்லுக்கு நிற்பவள், ஒன்றும் விசாரிக்கவில்லை. அவள் தாத்தாவும் அதே தங்கச் சுரங்கத்தில், மைசூர் மைன்ஸில், வேலை பார்த்தவர்தான். எட்டிக் கையைப் பிடித்தாள். "வந்துட்டேன்க்கா, விடு." அவள் கையைப் பூக்காரி பிடித்தாள், பூக்காரி கையை இன்னொருவர். பெட்டி முழுவதும் ஒன்றாக மூச்சு வாங்கியது. போனில் ராஜப்பா, "ஏறுதும்மா, ஏறுது" என்று கேவினார்.

இப்போது பகல் ஷிப்ட் ரயிலில் போகிறவர்களுடையது. ஜெயகரனின் மூச்சில் சில நாள் மல்லிகை வாசனை, சில நாள் சித்ரான்னம். ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறவர்கள், உள்ளேயிருந்து "வந்துட்டேன், விடு" என்று குரல் கேட்கும்வரை படியிலேயே நிற்கிறார்கள். கார்டும் அதற்கப்புறம்தான் கொடி காட்டுகிறார்.