மழைக்கு அடியில் வைத்த குரல்

1

இந்தக் கதை பழவங்காடியில் ஒரு டீக்கடை வாசலில் கிடைத்தது. என் மனைவி கௌசல்யாவின் முதல் திவசம் முடிந்த மறுநாள். எதிரே பிள்ளையார் கோயிலில் தேங்காய்களை ஓங்கி எறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் நண்பன் பிரஜின் ஒரு விஷயம் சொன்னான். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை என்று சொன்னால் பொய். இருக்க முடியும். வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். வெளியே மழை இல்லை. போனில்தான் பெய்தது.

இரண்டாவது: "அவள் இறந்தபோது நான் பக்கத்தில்" [இது இங்கேயே நிற்கட்டும்.]

மூன்றாவது: நான் ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். இது பரவாயில்லை. தகவலாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

சப்ளிமினல் செய்திகளைப் பற்றி வருடத்துக்கு ஒரு வகுப்பு எடுப்பேன். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் காட்டப்படும் சொல், காதுக்குக் கேட்காத அளவில் ஒலிக்கும் குரல். நமக்குத் தெரியாமலே அவை நம்மை ஆட்டிவைக்குமா என்பது கேள்வி.

அமெரிக்காவில் ஒருவர், சினிமாத் திரையில் இமைப்பதற்குள் 'பாப்கார்ன் சாப்பிடு' என்று காட்டி விற்பனையைக் கூட்டியதாகச் சொன்னார். பிறகு அது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்னொரு ஆய்வில், நினைவாற்றலை வளர்க்கும் கேசட், தன்னம்பிக்கை கேசட் என்ற இரண்டின் மேலட்டைகளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது எதுவானாலும், அட்டையில் எழுதியிருந்ததே தங்களிடம் வளர்ந்ததாகப் பலர் நம்பினார்கள். வேறு சில ஆய்வுகளில் சிறிய விளைவு தெரிந்தது. மறைத்துக் காட்டிய குளிர்பானத்தின் பெயர் சிலரை அதன் பக்கம் சாய்த்தது. ஆனால் ஏற்கெனவே தாகமாக இருந்தவர்களை மட்டும்.

போன முறை ஸ்ரீலட்சுமி என்ற மாணவி எழுந்தாள். "அப்போ ஒர்க் ஆகுமா ஆகாதா சார்?"

"தாகம் இருந்தால், கொஞ்சம்."

"தாகம்னா ஆளு தானே போய்க் குடிக்குமல்லோ சார்? பின்னே எதுக்கு மெசேஜ்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

3

பிரஜினை ஒரு பாத்திரமாக நம்புவது கடினம். அவனுடைய ஒலிப்பதிவுக் கூடம் ஆரியசாலையில், மிளகாய் மண்டிக்கு மாடியில் இருக்கிறது. பாட வருபவர்கள் முதலில் தும்முவார்கள். வாசகர் இதை இட்டுக்கட்டியது என்பார். கௌசல்யா, "மொளகா மண்டிக்கு மேல ஸ்டூடியோ வச்ச ஒரே ஆளு நீதான்" என்று அவனைக் கேலி செய்வாள்.

அவன் மலைப்பக்கம் வித்துராவுக்குப் போய் மழையைப் பதிவு செய்து, தூக்கத்துக்கான ஒலி என்று இணையத்தில் போடுவான். கௌசல்யாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் எனக்குத் தூக்கம் போனது. அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு மழை அனுப்பினான். அன்றிலிருந்து அதைப் போட்டுத்தான் தூங்குகிறேன். அவள் போன பிறகும்.

டீக்கடையில் நடந்தது இது (அவனுக்கு நான் 'அளியா', அதாவது மச்சான்):

"அளியா, ஒரு காரியம் சொல்லணும். ஏசாதே."

"சொல்லு."

"அந்த மழைக்கு அடியில கௌசி இருக்கா."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"ஒருநா ஆட்டோ புடிச்சு வந்தா. தலையில துணி கட்டிட்டு. என்னைய வெளிய போய் டீ குடிச்சிட்டு வரச் சொல்லிட்டு உள்ள இருந்து தனியா பேசினா. அப்புறம், 'இத மழைக்கு அடியில வை, அவருக்குக் கேக்கவே கூடாது'ன்னா. அவ போயி ஆண்டு கழிஞ்ச பொறவு சொன்னா போதும்னு சத்தியமும் வாங்கிட்டா."

"என்ன பேசினா?"

"தெரியாதுடே. மழையோட சேக்கும்போது மீட்டர்ல முள்ளு ஆடுனதப் பாத்தேன். காதுல போடல, சத்தியமாட்டு."

"ஒரிஜினல்?"

"உனக்கு அனுப்பினதும், தனிக் குரலையும் மழையோட சேத்ததையும் அவ முன்னாடியே அழிக்கச் சொன்னா. அழிச்சேன்."

* கேட்காத குரல் வேலை செய்யும் என்று கௌசல்யா நம்பினாளா? தெரியாது. "நீங்க கிளாசுல பொய்யின்னு சொல்றத ஒருநா உங்க மேலயே டெஸ்ட் பண்றேன்" என்று ஒருமுறை சொன்னாள். தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

4

இங்கே வாசகருக்கு ஒன்று தெரிய வேண்டும். நான் அழவில்லை. மருத்துவமனையில் இல்லை, சாந்திகவாடம் சுடுகாட்டில் இல்லை, இந்த ஒரு வருடத்திலும் இல்லை. திவசத்தன்று இலை போட்டுக்கொண்டிருந்த என் மாமியார் உலகம்மாள், எல்லார் முன்னாலும் சொன்னாள்: "எம் மக போயி வருசம் ஒண்ணாச்சு. இந்த மாப்ளைக்குக் கண்ணு நனையலியே. அம்புட்டுத்தானா அவ?"

 எனக்கும் அதே சந்தேகம்தான்.

பிரஜின் சொன்னதும் முதலில் தோன்றியது இதுதான்: அவள் 'அழாதீங்க' என்று சொல்லியிருந்தால்? தினமும் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். அப்படியானால் இந்த வறட்சி என்னுடையது அல்ல. அவள் கேட்டது. நான் கல்லாக இருக்கவில்லை, அவள் சொன்னபடி இருந்திருக்கிறேன்.

(உளவியல் ஆசிரியர் எழுதுகிற வரியா இது? தெரியும். அடிக்கப் போவதில்லை.)

டீ ஆறும்வரை அதை நம்பினேன். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான். பிறகு கேட்டேன்:

"ஒரு மணிநேர மழை. வாட்ஸ்அப்ல எப்படிப் போச்சு?"

"சுருக்கித்தான். எம்பித்ரீ ஆக்கி, நல்லாவே சுருக்க..." கிளாசைப் பிடித்த கை அப்படியே நின்றது.

ஒலியைச் சுருக்கும்போது, மனிதக் காதுக்குக் கேட்காததைத்தான் மென்பொருள் முதலில் எறியும். பெரிய சத்தத்துக்கு அடியில் இருக்கும் சின்னச் சத்தத்தை வீண் என்று கருதும். அதன் வேலையே அது. அவனுக்கு இது தெரியும். அனுப்பிய அன்று யோசிக்கவில்லை.

"அளியா," என்றான். "கொஞ்சமாவது இருக்கும்டே."

எதிரே யாரோ தேங்காயை எறிந்தார்கள். சில்லு சாலைவரை வந்து விழுந்தது.

5

இந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் கதை எனக்குச் சாதகமாக முடியும்.

மாமியார் வீட்டுக்குப் போனேன். உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். பிரஜின் சொன்னதைச் சொன்னேன். சுருக்கியதை மறைத்தேன். "கௌசல்யா என்னை அழக் கூடாதுன்னு சொல்லியிருப்பா அத்தை. அதான் நான்..."

அவள் கத்தியை வைக்கவில்லை.

"யாரு, கௌசியா? அவ அப்படிச் சொல்ல மாட்டா மாப்ள. ஆசுபத்திரியில எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'இவரு எல்லாத்தையும் உள்ளயே வச்சிருக்காரும்மா. நான் போன பெறவாவது வாய்விட்டு அழணும், இல்லேன்னா ஆளு அப்படியே இறுகிப் போயிருவாரு'ன்னா. அவ ஏதாச்சும் சொல்லியிருந்தா அழச் சொல்லித்தான் சொல்லியிருப்பா."

பிறகு தணிந்து, "காப்பி குடிக்கியளா?" என்றாள்.

குடித்தேன்.

ஆக, இரண்டில் ஒன்று. அவள் 'அழுங்க' என்றாள், மென்பொருள் அதை எறிந்துவிட்டது. அல்லது அந்தச் சொல் ஒரு வருடமும் ஒழுங்காக என் காதுக்குள் போனது. ஆனால் அது தாகம் உள்ளவனிடம் மட்டுமே வேலை செய்யும்.

6

முடிவுகள்.

அ) பிரஜின் இன்று என் போனிலிருந்து கோப்பை எடுத்து, மழையை நீக்கிப் பார்க்கிறான். ஒரு அசை கிடைக்கிறது. 'அ'. அழாதீங்க, அழுங்க, இரண்டுக்கும் அதுதான் முதல் எழுத்து. [மிகவும் செயற்கை. அடிக்கிறேன்.]

ஆ) ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் இரைச்சல். நடக்கக்கூடியது இதுதான். கதைக்கு உதவாது.

இ) முழுக் குரலும் கிடைக்கிறது. அதில் என்னைப் பற்றி ஒன்றுமே இல்லை. கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது, கறிவேப்பிலைக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், அப்படி. இதை எழுதும்போது கை சற்று நின்றது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. வார்த்தைகள் வருகின்றன. குரல் வரவில்லை.

ஈ) கோப்பை அழித்துவிடுகிறேன். அதன் பிறகு எதைப் போட்டு

நான்கையும் விட்டுவிடுகிறேன். நீங்கள் அவளை இந்தச் சில பக்கங்களில் பார்த்தீர்கள். மிளகாய் மண்டியைக் கேலி செய்தாள், தோசை திருப்பினாள், நான் இறுகிப் போவேன் என்று பயந்தாள். எனக்குத் தெரிந்ததில் பாதி உங்களுக்கும் தெரியும். கீழே ஓர் இடம் விட்டிருக்கிறேன். அவள் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

[                                        ]

மழையை நீக்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்த பிரஜின் வந்துவிட்டான். கீழே பைக் நிற்கிறது. படியேறி வருவான், போனைக் கொடு என்பான். போன் மேசைமேல் இருக்கிறது. பகல்தான், ஆனாலும் மழையைப் போட்டு வைத்திருக்கிறேன். அவன் கை நீட்டும்போது நான் அதை