இரம் சொன்னது

தேவகி வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைப்பவள். பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூர் போகும் சாலையை ஒட்டி, கத்தோலிக்கக் கன்னியர்கள் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதியும் பள்ளியும் நடத்திவந்தார்கள். அதன் பொன்விழாவுக்குப் படப் புத்தகம் ஒன்று கொண்டுவர வேண்டும், ஒரு வருஷம் வந்துபோய்ப் பிள்ளைகளின் அன்றாடத்தை எடுத்துத் தர முடியுமா என்று தலைமை சிஸ்டர் கிறிஸ்டினா கேட்டார். மண்டபம் மண்டபமாக ஒரே சிரிப்பை எடுத்து அலுத்திருந்த தேவகி உடனே சரி என்றாள்.

முதலில் ஒரு படமும் தேறவில்லை. கேமராவைக் கண்டதும் பிள்ளைகள் வரிசையாக நின்று கை கூப்பினார்கள். உதவி செய்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து போனதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அப்படி நிற்காத ஒரே பிள்ளை இரம்.

இரமுக்கு ஒன்பது வயது. அப்பா வாஹித் பாஷா ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஒன்றில், தோலைப் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டுகிறவர். வீட்டில் உருது. அது உருது என்றுகூட இரமுக்குத் தெரியாது.

"வந்தப்ப அஞ்சு வயசு. தண்ணி வேணும்னாக்கூட கேக்கத் தெரியாது. அழுவா, இல்லன்னா கடிப்பா," என்றார் சிஸ்டர். "இப்ப பாரு, வாயே மூடமாட்டா."

அவளுடைய வாய் அவள் கைகள். ஜெபத்தின்போது பேசினாள். சாப்பிடும்போது பேசி, பக்கத்துப் பிள்ளைமேல் சோற்றை இறைத்தாள். தேவகி எடுத்ததில் நல்ல படங்கள் எல்லாம் அந்தக் கைகள்தான். பாதிப் படங்களில் அவை நிற்காமல் மங்கலாகப் பறந்தன. தேவகியும் சில சைகைகளைக் கற்றுக்கொண்டாள். சாப்பாடு, நல்லது, நாளைக்கு, சிஸ்டர். மற்றதைச் சொல்ல சிஸ்டர் கிறிஸ்டினா பக்கத்திலேயே இருந்ததால் மேலே கற்கத் தோன்றவில்லை.

பொன்விழா வரவில்லை. அதற்கு முன்பே பள்ளியை மூடிவிடுவதென்று சபையின் மேலிடம் முடிவு செய்தது. சிஸ்டர்களுக்கு வயதாகிவிட்டது, புதிதாக யாரும் துறவறத்துக்கு வருவதில்லை. பிள்ளைகளைச் சபையின் சென்னைப் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடானது. பெற்றவர்கள் பலரும் ஒத்துக்கொண்டார்கள். வாஹித் பாஷா ஒத்துக்கொள்ளவில்லை.

"மெட்ராஸ் ரொம்ப தூரம் சிஸ்டர். பொம்பளப் புள்ள. இங்கன்னா ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போவோம்."

"வீட்ல அவ யார்கிட்ட பேசுவா, பாய்?"

"நாங்க இருக்கோம் இல்ல. நாங்க அவ ஜனம்தானே."

அவர் கெட்டவர் இல்லை. அன்றும் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளைகள் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சிஸ்டரால் அதற்குமேல் வற்புறுத்த முடியவில்லை.

அழைத்துப் போக வந்த நாளில் இரம் அப்பாவின் வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, திருப்பம் வரும்வரை கைகளால் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். தேவகி அதைப் படம் எடுத்தாள்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க சிஸ்டர்?"

"லீவுன்னு சொன்னேன்," என்றார் சிஸ்டர். "வேற சொல்ல வாய் வரல."

புத்தகம் நின்றுபோனது. சிஸ்டர் கிறிஸ்டினாவைத் திருச்சியில் முதிய கன்னியர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். சில மாதங்கள் கழித்து, படங்கள் சும்மா கிடப்பது பொறுக்காமல், தேவகி கொஞ்சம் பிரிண்ட் போட்டுக்கொண்டு ஆம்பூர் போனாள்.

வாஹித் பாஷாவின் மனைவி மஹ்பூபி கதவருகே உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரம் நூலுக்கு மெழுகு தடவிக் கொடுத்தாள். தேவகியைக் கண்டதும் எழுந்து நின்றாள். ஆனால் கைகள் எழவில்லை.

"வந்த புதுசுல கைய ஆட்டிட்டே இருந்தா," என்றாள் மஹ்பூபி. "எங்களுக்கு ஒண்ணும் புரியல. தெருப் பசங்க அதே மாதிரி செஞ்சு காட்டுவாங்க, இவ போய் அடிப்பா. டெய்லி பேஜார். நான்தான் கையிலயே அடிச்சேன் அக்கா. பெத்தவ செய்ற வேலையா அது? இப்ப அவ செய்றதில்ல."

இரம் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிஸ்டர் கிறிஸ்டினாவின் படம் வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மூச்சு விடாமல்.

தேவகிக்கு இரண்டு சொல் புரிந்தது. சிஸ்டர். நாளைக்கு. மற்றதற்குச் சும்மா தலையாட்டினாள்.

இரம் நிறுத்திவிட்டாள். அந்தத் தலையாட்டலை அவளுக்குத் தெரியும், அந்த வீட்டில் அதுதான் தினமும் கிடைத்தது. தேவகி அவசரமாக செல்லை எடுத்து, சிஸ்டரின் படத்தைத் தொட்டுக் காட்டி, இன்னொரு தரம் சொல்லும்படி ஜாடை செய்தாள். செல்லைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக, இரம் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போதே தேவகி அந்த வீடியோவை அனுப்பினாள். வேலூர் வந்து சேர்வதற்குள் சிஸ்டர் கூப்பிட்டார்.

"ஸ்டோர் ரூம்ல எண்ணெய் டின்னைக் கவுத்தது நான்தான். இனிமே அந்தப் பக்கம் போக மாட்டேன். கோவம் போயிருந்தா நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. இதான் சொல்றா." என்றார் சிஸ்டர். "அந்த எண்ணெய்க்கு நான் திட்டினேன், தேவகி. அவ கெளம்புறதுக்கு முந்தின வாரம்."

"வீடியோ கால் போட்டுத் தர்றேன் சிஸ்டர். நீங்களே அவகிட்ட பேசுங்க."

"வான்னு கூப்புடுவா. என்னால வர முடியாது. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

ஆகவே அவர் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். வெள்ளை உடுப்பில், ஜன்னல் ஓரமாக, முதிய கைகளால் நிறுத்தி நிறுத்தி: நீ தப்பு எதுவும் செய்யவில்லை. எனக்குக் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். யாரும் அங்கே இல்லை.

அடுத்த முறை தேவகி போனபோது வாஹித் பாஷா வீட்டிலிருந்தார். உள்ளே விடத் தயங்கினார்.

"வேணாம் மேடம். நீங்க வந்துட்டுப் போனதுலேந்து அந்தப் படத்த வச்சிக்கிட்டு வாசல்லயே நிக்கிறா. துணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டா. சாப்புடல. எங்களால தாங்க முடியல."

"சிஸ்டர் அவளுக்கு ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்காங்க."

"சொன்னா பள்ளிக்கூடம் தொறந்துடுமா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு வழிவிட்டார். "ஒரு தரம் காட்டிட்டுப் போயிடுங்க."

இரம் செல்லை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். சிஸ்டரின் முகம் தெரிந்ததும் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். சிஸ்டர் தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். திரையில் படம் நின்றது. இரம் பதிலுக்குக் காத்திருந்தாள்.

தேவகி மறுபடி போட்டுவிட்டாள். இரம் குனிந்து, இன்னும் நெருங்கி, வேறு ஏதோ கேட்டாள். சிஸ்டர் அதையேதான் சொன்னார். மூன்றாம் முறை போட்டபோது இரம் கைகளைத் தூக்கவில்லை. எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நூலை எடுத்துக்கொண்டாள்.

"போதும் மேடம்," என்றார் வாஹித் பாஷா.

தெருமுனைக்கு வந்து தேவகி திருச்சிக்குப் போன் செய்தாள்.

"பாத்தாளா?"

"பாத்தா சிஸ்டர்."

"என்ன சொன்னா?"

"ஏதோ கேட்டா. எனக்குப் புரியல."

"எடுத்தியா? அனுப்பு, நான் பாத்துச் சொல்றேன்."

தேவகியின் தோளில் கேமரா தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"எடுக்கல சிஸ்டர்," என்றாள்.

ஈரத்தோல் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போகும்வரை இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் சிஸ்டர் வைத்துவிட்டார்.