ஆகஸ்ட் மாதத்துப் பரீட்சை

ஆகஸ்டில் அந்தப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த அன்று, கார்வெல் சமையலறையில் நின்றபடியே பொரித்த கெளுத்தி மீனைத் தின்றுகொண்டு அதைத் தமாஷாகத்தான் சொன்னான். திரையில் வார்த்தைகள் வருமாம், போய்விடுமாம். சற்றுப் பொறுத்து எவையெவை வந்தன என்று கேட்குமாம். ‘முழங்கை’ வந்தது நன்றாக நினைவிருந்தும் வரவில்லை என்று அழுத்திவிட்டானாம். பக்கத்து நாற்காலியில் அவன் கூட்டாளி டோபின், தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் போல ஒவ்வொரு பொத்தானையும் தாமதமாகத் தட்டினானாம்.

அவன் மனைவி ரனெலும் சிரித்தாள். "நீ எதுக்கு வேணும்னே தப்பா எழுதணும்? சும்மா எழுதினாலே போதுமே" என்றாள்.

கால்பந்து என்று பெயர்தானே தவிர, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை மோதிச் சாய்க்கிற ஆட்டம் அவர்களுடையது. அதனால் பருவம் தொடங்குமுன் மருத்துவர்கள் ஒவ்வொருவனுடைய தலையையும் நல்ல நிலையில் சோதித்து மதிப்பெண்ணைக் குறித்து வைப்பார்கள். ஆட்டத்தில் தலையில் அடி விழுந்தால் அதே கேள்விகளை மறுபடி கேட்டு, முன்பிருந்ததோடு ஒப்பிடுவார்கள். இறங்கியிருந்தால் வெளியே உட்காரவேண்டியதுதான். முன்பே மட்டமாக எழுதி வைத்தவனுக்கு இறங்குவதற்கு ஏது இடம்?

இந்த வழியைக் கார்வெலுக்குக் காட்டியவர் ஹட்டோ. மிசிசிப்பியில் பருத்திக் காட்டுக்கு நடுவே இருந்த டார்வர் கிரீக் கல்லூரியில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர். பெரிய கல்லூரியிலிருந்து வந்தவன் அடிபட்டால் காத்திருப்பார்கள், அவனைப் பொறுக்கி எடுத்தவர்கள் தங்கள் கணக்கு தப்பவில்லை என்று காட்டியாக வேண்டும், உன்னைப்போல ஆள் படுத்தால் அடுத்த வாரமே உன் அலமாரியில் வேறொருவன் பெயரை ஒட்டிவிடுவார்கள் என்பது அவர் பாடம். அது பொய்யும் இல்லை. அப்படிப் பெயர் கிழிக்கப்பட்டவர்களைக் கார்வெலே பார்த்திருந்தான்.

இப்போது அவன் ஆடிய தொழில்முறை அணியின் சாப்பாட்டுக் கூடத்தில் சின்னக் கல்லூரிக்காரர்களுக்கென்று ஓரத்தில் ஒரு மேசை தானாகவே அமைந்துவிட்டிருந்தது. கார்வெலும், டகோட்டாப் பக்கத்துச் சர்ச் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த டோபினும் அங்கேதான் உட்காருவார்கள். "உங்க காலேஜ் மைதானத்துல மாடு மேயுமாமே, மேட்ச் அன்னிக்கு மட்டும் ஓட்டிவிட்டுருவீங்களா?" என்று பெரிய கல்லூரிக்காரன் ஒருவன் ஒருநாள் கேட்டான். டோபின் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஓட்டமாட்டோம். அதுங்கதான் எங்க முன்வரிசை" என்றான்.

அந்த மேசையிலிருந்து இரண்டு பேர் பருவத்தின் கடைசியான சாம்பியன் ஆட்டத்தில் முதல் அணியில் இறங்கியது ஹூஸ்டனில் அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சாகவே இருந்தது. பந்து பிடிக்க ஓடுகிறவனை ஓரத்தில் துரத்திக் காப்பவன் கார்வெல். அவனுக்குப் பின்னால் கடைசிக் காவல் டோபின். குடும்பத்தார் வரிசையில் ரனெல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஹட்டோ. பேருந்து பிடித்து வந்திருந்தார். டார்வர் கிரீக் என்று எழுதிய பழைய மேல்சட்டையை அந்தப் புழுக்கத்திலும் கழற்றவில்லை.

மூன்றாம் கால்பகுதியில் எதிராளியின் முழங்கால் கார்வெலின் தலையில் இடித்தது.

அவன் உடனே எழுந்துவிட்டான். எழுகிற வேகத்தைப் பார்த்து மைதானமே கைதட்டியது. ஹட்டோ ரனெலின் தோளைத் தட்டி, "பாத்தியா? டார்வர் கிரீக் பையன் தரையில கிடக்க மாட்டான்" என்றார்.

"கோச், அவன் போற பக்கத்தைப் பாருங்க" என்றாள் ரனெல்.

கார்வெல் எதிர் அணி வீரர்கள் கூடி நின்ற இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான். டோபின் ஓடி வந்து கழுத்துப் பட்டையைப் பிடித்துத் திருப்பினான். சண்டைக்குப் போகிறவனைத் தடுப்பதாக எல்லாரும் நினைத்துக் கூச்சலிட்டார்கள். அடுத்த முறை பந்து கிளம்புமுன்னும் டோபின் அவன் இடுப்பில் கைவைத்து நிற்கவேண்டிய இடத்துக்குத் தள்ளிவிட்டதை ரனெல் கண்டாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் மைதானத்தில் தன் இடத்துக்குப் போகத் தெரிந்தவன் அவன்.

மேலே கண்ணாடி அறையில் கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர்களும் ஏதோ பார்த்திருக்க வேண்டும். அவனை வெளியே அழைத்து, மைதான ஓரத்தில் மருத்துவர்கள் சோதிக்கிற நீலக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். பிறகு அங்கிருந்து சுரங்கப் பாதை வழியாக உள்ளே.

"பாஸ் பண்ணிடுவான். நீ பதறாதே" என்றார் ஹட்டோ.

"அதை நெனச்சுத்தான் பதறுறேன்."

அவள் எமெரிக்கைப் பற்றிக் கேட்டாள். எமெரிக்கும் அவரிடம் ஆடியவன்தான், கார்வெலுக்கு முன்னால். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலமே ஆகிறது, சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறாள். போன ஈஸ்டருக்கு அவளும் கார்வெலும் பார்க்கப் போனபோது, வாசலில் நின்ற தன் மகளிடமே மரியாதையாகப் பேர் கேட்டான். அவனுக்கும் இந்தப் பரீட்சை வித்தையைச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

ஹட்டோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எல்லாருக்கும்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றார். சொல்லாவிட்டால் பருத்தி ஆலைக்கோ ஜெயிலுக்கோ போயிருப்பார்கள், எது பெரிய கெடுதி என்று அவருக்குத் தெரியவில்லையாம். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நீ போய்ச் சொன்னா அவன் மட்டும் போகமாட்டான்மா. டோபினும் போவான். ஏமாத்துனவனுங்கன்னு பேராயிடும், வேற எந்த டீமும் தொடாது. கார்வெல் ஒப்பந்தமும் இன்னையோட முடியுது. மண்ணுல புரண்டு புரண்டு இங்க வந்து நிக்கிறான். கையில இருக்கிறதை நீ தட்டிவிட்டேன்னு தெரிஞ்சா, உன்கூட இருப்பானா?"

"தலை சரியா இருந்தாத்தானே கோச், இருப்பானா மாட்டானான்னு அவன் யோசிக்கவே முடியும்?"

சொல்லிவிட்டு எழுந்தாள். படிக்கட்டின் அடியில் திருமதி ப்ரூயிட் நின்றிருந்தார். குடும்பத்தாருக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ள அணி வைத்திருந்த பெண்மணி, கையில் வாக்கி-டாக்கி. குழந்தை காணாமல் போனாலும் யாருக்காவது மயக்கம் வந்தாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். ரனெல் இறங்கி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் சொன்னாங்க கண்ணு. அவன் நல்லா இருக்கானாம். ஆகஸ்ட்ல எழுதினது எப்படியோ இப்பவும் அப்படியேதானாம், இம்மி மாறலையாம். திரும்ப இறங்கப்போறான்."

ரனெல் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். ஆகஸ்டில் எழுதியது நிஜமில்லை என்றாள்.

திருமதி ப்ரூயிட்டுக்கு அதைப் புரியவைக்க இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. பல வருஷம் அந்தப் படிக்கட்டில் நின்றவர். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிட்டது. வாக்கி-டாக்கியை வாய்க்கருகே கொண்டுபோனார், பொத்தானை அழுத்தவில்லை.

"நான் இதைச் சொல்லிட்டேன்னா திருப்பி எடுத்துக்க முடியாது தாயி. கேட்கிறது டாக்டர் மட்டும் இல்லை, மேலேயிருந்து கீழே வரைக்கும் எல்லாரும் கேட்பாங்க. அவன் செஞ்சது, உனக்குத் தெரிஞ்சது, எல்லாம் பதிவாயிடும். இது நீ சொல்லவேண்டியது. சொல்லச் சொல்றியா?"

அவர் மிரட்டவில்லை. குரலில் பரிவுதான் இருந்தது. மிரட்டியிருந்தால் ரனெல் ஒருவேளை சொல்லுங்க என்று கத்தியிருப்பாள். அந்த நேரம் பார்த்துச் சுரங்கப் பாதையிலிருந்து கார்வெல் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான். ஓட்டம் அவன் ஓட்டமாகத்தான் இருந்தது. கூட்டம் எழுந்து அவன் பெயரைக் கூவியது. பருத்திக் காட்டுப் பையனின் பெயரை அத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து சொல்லி அவள் கேட்டதில்லை. நன்றாகத்தானே ஓடுகிறான் என்று ஒரு எண்ணம் வந்தது. அது பொய் என்று தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். விட்டுருங்க" என்றாள்.

திருமதி ப்ரூயிட் வாக்கி-டாக்கியைத் தாழ்த்தினார். அதன்பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசிக் கால்பகுதி முழுவதும் ரனெல் பந்தைப் பார்க்கவே இல்லை, டோபினின் கையைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கை கார்வெலைத் தொட்டு நகர்த்தியது. இடப்பக்கம், ஒரு அடி பின்னால், இங்கேயே நில். பந்து கிளம்பிவிட்டால் போதும், கார்வெலின் உடம்பு தானே ஓடியது. கால்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முடிவுக்குச் சற்று முன், ஒரே வீச்சில் ஜெயித்துவிடலாம் என்று எதிரணி எறிந்த பந்தை நோக்கி அவன் எகிறி விரல் நுனியால் தட்டினான். பந்து மேலே எழும்பித் தடுமாறியது. டோபின் தரையோடு பாய்ந்து அதை அள்ளினான். அவ்வளவுதான், ஆட்டம் அவர்களுடையது.

மாடு மேய்கிற கல்லூரிக்காரன் தட்டினான், இன்னொரு மாட்டுக் கொட்டகைக்காரன் பிடித்தான் என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். ஹட்டோ அழுதார். அவருடைய மேல்சட்டையிலிருந்த பெயரைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். குடும்பத்தாருக்காகக் கதவைத் திறந்துவிட்டார்கள். வண்ணக் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அதற்குள் ரனெல் ஓடினாள். ஹட்டோ மூச்சு வாங்கப் பின்னால் வந்தார்.

கார்வெல் அவளை இறுக அணைத்துக்கொண்டான். அவள் பெயரைச் சரியாகச் சொன்னான். அப்பாடா என்று நினைத்து அவன் கழுத்தில் முகம் புதைத்தாள். அதற்குள் ஒரு தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்டி, பேர் தெரியாத கல்லூரியிலிருந்து இந்த இடத்துக்கு வந்தது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கார்வெல் புன்னகையோடு அவளைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். டோபின் குறுக்கே புகுந்து, இவனுக்குப் பேச்சே வரவில்லை பாருங்கள் என்று சிரித்து, தானே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தான்.

கார்வெல் குனிந்து ரனெலின் காதில் கேட்டான். "நான் எப்ப இறங்கணும்? யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அவள் டோபினை நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படி?"

"அக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான் டோபின். கண்களில் நீர் கோத்திருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் அவனுக்கு இருக்கட்டும்."

"எதை டோபின் இருக்கட்டும்ங்கிற? அவன் ஞாபகத்துல இன்னைக்குன்னு ஒரு நாள் இருக்கா?"

டோபின் கையிலிருந்த பந்தைக் கீழே போடவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றான்.

ரனெல் கணவனின் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். எங்கே என்று கேட்காமல் வந்தான். ஓரத்தில் மருத்துவர் பொருள்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாற்றி அழுத்திய வார்த்தைகள், தாமதமாகத் தட்டிய பொத்தான்கள். டோபினின் பெயரையும் மறைக்கவில்லை. டோபின் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை, அவளைத் திட்டவுமில்லை. முடிந்ததும் பந்தை ஹட்டோவிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

மருத்துவர் கார்வெலின் கண்களில் விளக்கை அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். சக்கரப் படுக்கை கொண்டுவரச் சொன்னார். பிறகு ரனெலைக் கேட்டார்.

"உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்தது?"

"சந்தேகம் இல்லை டாக்டர். அடிபட்டு எழுந்தப்பவே தெரியும்."

அவர் விளக்கை அணைத்துப் பையில் வைத்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கார்வெல் படுக்கையில் சாய்ந்தபடி, மேலேயிருந்து விழுகிற காகிதங்களை வேடிக்கை பார்த்தான். நாம ஜெயிச்சோமா என்று கேட்டான். ஹட்டோதான் குனிந்து, "ஜெயிச்சுட்டோம்டா" என்றார். கார்வெலின் முகம் முழுக்க அப்படியொரு சந்தோஷம். கையை உயர்த்தி அவர் கன்னத்தைத் தட்டினான். படுக்கையைத் தள்ளிக்கொண்டு சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது, அவன் ஹட்டோவைப் பார்த்து மறுபடியும் அதையே கேட்டான். இந்தத் தடவை கிழவரால் சொல்ல முடியவில்லை. ரனெல்தான் சொன்னாள்.