நர்ஸ் ஓடினாள்

நாத்தனார் வேண்டுமென்றே உரக்கப் படித்தாள்.

"கேளுங்க அண்ணி. 'பழைய ஏட்டிலிருந்து'ன்னு இன்னிக்குப் பேப்பர்ல போட்டிருக்கான். 'ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டில் தீப்பிடித்தது. டாக்டர் பத்திரமாக வெளியேறினார். கண்காணிப்பாளர் சம்பவ இடத்துக்கு விரைந்தார். பணியில் இருந்த நர்ஸ் ஓடினாள். மூச்சுத் திணறி ஒரு குழந்தை இறந்தது.' நம்ம கதைதானே?"

அந்தச் செய்தி முதல்முறை வந்தபோது நர்ஸம்மாவுக்குத் தலை நரைக்கவில்லை. விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்றார்கள். ஆனாலும் வார்டிலிருந்து தூக்கித் துணிக்கிடங்கில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை போர்வை மடித்தார். உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கடைக்குப் போனால், "ஓட்டக்கார நர்ஸ் வராங்க" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. கணவர் இருந்தவரை மனைவி பக்கம் நின்றார். அவருடைய தங்கைக்கு மட்டும், அண்ணியை மட்டம் தட்ட அந்த ஒரு வரி வாய்க்கு வெல்லமாக இருந்தது.

"முடிச்சிட்டியா? பேப்பரைக் கொடு" என்று பிடுங்கிக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு பத்திரிகை ஆபீசுக்குக் கிளம்பினார் நர்ஸம்மா.

'பழைய ஏட்டிலிருந்து' பகுதியைத் தொகுக்கும் உதவி ஆசிரியை உட்காரச் சொன்னாள். நர்ஸம்மா உட்காரவில்லை. பேப்பரை மேசைமேல் அறைந்தார்.

"இதை எழுதின ஆள் இருக்கானா, செத்தானா?"

எதிர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்தார். ஓய்வு பெற்ற நிருபர். பழைய செய்திகளைப் பொறுக்கிக் கொடுக்க இன்னும் ஆபீசுக்கு வருகிறவர்.

"இருக்கேன். என்ன தப்பு அதுல? நீங்க ஓடலையா?"

"ஓடினேன்."

"அப்புறம்? பறந்தாள்னா எழுதுவாங்க?"

"எங்கே ஓடினேன்னு கேட்டீங்களா? முன்வாசல்ல தீ, ஒரு ஆள் பாய்ஞ்சு போகலாம், பிள்ளைங்களைக் கொண்டுபோக முடியாது. பின்கதவு பூட்டியிருந்துச்சு. சாவி கீழ கண்காணிப்பாளர் ரூம்ல. அதை எடுக்கத்தான் ஓடினேன். திரும்பி வந்து திறந்தேன். பிள்ளைங்க அத்தனை பேரும் அந்த வழியாத்தான் வந்தாங்க. கடைசிக் கட்டில்ல கிடந்ததைத் தூக்கிட்டு வந்ததும் நான்தான். என் கையிலதான் உயிர் போச்சு."

"அதெல்லாம் எழுத இடம் இல்லம்மா. வரிக்கு வரி வெட்டுவாங்க."

"டாக்டருக்கு மட்டும் 'பத்திரமாக'ன்னு சேர்க்க இடம் இருந்துச்சா? அவரும் ஓடத்தான் செஞ்சார். எனக்கு முன்னாடி, செருப்பைக்கூட விட்டுட்டு."

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய மனுஷங்களுக்கு அப்படித்தான் எழுதுவோம். அதிகாரி விரைவார், டாக்டர் வெளியேறுவார், வேலை செய்யறவங்க ஓடுவாங்க. எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான். உங்களுக்குன்னு தனியா இலக்கணம் எழுத முடியுமா?"

"சார்" என்று குறுக்கிட்டாள் உதவி ஆசிரியை. "சாவி எடுக்கப் போனது உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரணையில சொன்னாங்க. அதுக்குள்ள செய்தி பழசாயிடுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. டம்ளரை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். தெரிந்தே சும்மா இருந்தானா இந்த ஆள்! நர்ஸம்மாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

உதவி ஆசிரியை பேனாவை எடுத்தாள். "திருத்தம் போடறேன்மா. 'நர்ஸ் விரைந்தார்'னு மாத்திடலாமா?"

"வேணாம். விரையறது கார்ல வர்றவங்க வேலை. நான் ஓடினேன். ஓடினேன்னே போடு. சாவிக்குன்னு சேர்த்துப் போடு."

"நான் எழுதினதுல கை வச்சா நாளையிலேர்ந்து இந்தப் படி ஏறமாட்டேன்" என்று எழுந்தார் கிழவர்.

"நம்ம படி செங்குத்து சார். பார்த்து இறங்குங்க" என்றாள் உதவி ஆசிரியை.

அவர் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனார். பிறகு அவர் வரவில்லை.

திருத்தம் ஆறாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே வந்தது. 'பணியில் இருந்த நர்ஸ், பின்கதவுச் சாவியை எடுக்க ஓடினார். அந்தக் கதவு வழியாகவே குழந்தைகள் மீட்கப்பட்டனர்.' நாத்தனார் அதை முணுமுணுவென்று படித்தாள். இந்த முறை குரல் எழும்பவில்லை.

"யாரைப் பிடிச்சுப் போட வச்சீங்க?" என்றாள் கடைசியில்.

"எழுந்திரு. இது என் வீடு. இனிமே என் வாசல் மிதிக்காதே."

"அண்ணி, நான் விளையாட்டுக்கு..."

"இத்தனை வருஷம் விளையாடினது போதும்."

நாத்தனார் கைப்பையைத் துழாவி எடுத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மா கதவைத் தாழிட்டுவிட்டு, மறுபடி அந்த இரண்டு வரியைப் படித்தார். சந்தோஷம் வரவில்லை. இறந்த குழந்தைக்கு ஒரு பேர் இருந்தது. அன்றும் போடவில்லை, இன்றும் போடவில்லை. தானும் அதைப் போடச் சொல்ல மறந்துபோனதை நினைக்க நினைக்க, கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார்.